மச்சாள் வீட்டு அந்துப்பூச்சி

ஒற்றர் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். கனடாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன்; பின்னால் இருக்கிற சின்னஞ்சிறுசுகளே என் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் என் மனைவி சறோ யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்கு அனுப்பினாள். அங்கே அவளுடைய அக்கா சமைக்கிற குசினிக்குள் இரகசியமாக ஒரு பூச்சிப்பொறி வைக்க வேண்டும். அதில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே அக்காவை, மனம் நோகாமல், எங்கள் மகளின் கலியாணத்துக்குக் கையோடு கூட்டி வர வேண்டும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் ஒரே பயணத்தில் எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

"அது உங்கடை கெட்டித்தனம்" என்றாள் சறோ.

சங்கதி இதுதான். சறோவின் அக்கா பூமணி, எனக்கு மச்சாள். நாங்கள் கனடா போன காலத்திலிருந்து எங்களுக்கு மா அனுப்பிக்கொண்டிருந்தவர். சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, தாச்சியில் வறுத்த மா. யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிற எவருடைய பெட்டியிலும் எங்களுக்கென்று ஒரு பொதி கிடக்கும். அந்த மாவில் அவித்த பிட்டைத் தின்றுதான் என் மகள் அபி வளர்ந்தாள். அவள் பிறந்தபோது மச்சாளே வந்து ஆறு மாதம் நின்று குளிப்பாட்டி, மருந்து உரைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன பனிக்காலம் முடிகிற நேரம் சறோ அலுமாரியைத் திறக்க, ஒரு பூச்சி அவள் முகத்துக்கு நேரே பறந்தது. மா டப்பாவுக்குள் வெள்ளைப் புழு நெளிந்தது. மா முழுவதும் நூல் பின்னினாற்போல் கட்டிபட்டுக் கிடந்தது. மூடியைச் சரியாக மூடவில்லையா, வேறு ஏதாவதா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. படம் எடுத்தாள். எங்கள் குடும்ப வட்சப் குழுவில் போட்டாள். "அக்காவின்ரை மா புழுத்துப் போச்சு, பாருங்கோ" என்று கீழே எழுதினாள். லண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கள் சொந்தம் முழுதும் இருக்கிற குழு அது. ஆளாளுக்கு ஐயோ பாவம் என்று எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் பூமணி வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. அக்காவும் தங்கையும் கதைக்கவில்லை.

பூச்சியை ஒழிக்க வந்த வெள்ளைக்காரர் அலுமாரியை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது இந்தியன் மீல் மொத் என்றார். எங்கள் ஊர் அந்துப்பூச்சியின் சொந்தக்காரன். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. இறகின் மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி கறள் பிடித்த தகரத்தின் நிறம். வட அமெரிக்காவில் இதற்குக் காடு மேடு தேவையில்லையாம். குசினி இருந்தால் போதும். ஓட்ஸ், பாதாம், முந்திரிகை வற்றல், நாய்ச் சாப்பாடு, செத்தல் மிளகாய் எல்லாவற்றிலும் குடியிருக்கும். தின்பது முழுக்கப் புழுதான். வளர்ந்த பூச்சி ஒன்றும் தின்னாது. சோடி தேடுவதற்கு மட்டும் பறக்கும். கூடு கட்டுகிற நேரம் புழு சாப்பாட்டை விட்டுச் சுவரில் ஏறி முகட்டு மூலைக்குப் போய்விடும். அதனால் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார்.

"இந்தியன் எண்டு பேரிலையே கிடக்கு. ஊரிலையிருந்துதான் வந்திருக்கு" என்றாள் சறோ.

இல்லை அம்மா, அந்தக் காலத்தில் இந்த நாட்டுச் சோளமாவுக்கு அப்படித்தான் பெயர், அதைத் தின்றதால் பூச்சிக்கும் அந்தப் பெயர் வந்தது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சறோவுக்கு அந்தப் பகுதி கேட்கவில்லை.

அவர் விட்டுப்போன பொறிகளில் ஒன்றுதான் என் பெட்டியில் ஏறியது. முக்கோணமாக மடித்த மட்டைக் கூடு. உள்ளே பசை. நடுவில் சின்னச் சிவப்பு றப்பர்த் துண்டு. அந்தத் துண்டில் பெண் பூச்சியின் வாசம் ஏற்றியிருக்கிறார்கள். ஆண் பூச்சி தேடி வந்து ஒட்டுப்படும். "ஆம்பிளையளைப் பிடிக்க உது ஒண்டே காணும்" என்று சறோ என்னைப் பார்த்துச் சொன்னாள். அக்கா வீட்டில் ஒன்றும் விழாவிட்டால் தானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்பதாகவும், விழுந்தால் அக்கா கேட்க வேண்டும் என்றும் அவளுடைய ஏற்பாடு. விமான நிலையத்தில் அபி என் காதுக்குள் சொன்னது வேறு. "அப்பா, பெரியம்மா வராட்டி நான் மணவறையிலை அழுதுகொண்டுதான் இருப்பன்." மச்சாளின் பாஸ்போட்டில் விசா இருந்தது. மனம்தான் இல்லை.

மச்சாள் வாசல் படலையிலேயே நின்றார். "வாங்கோ தம்பி. நல்லா மெலிஞ்சு போனியள்" என்றார். வாங்கிய புதுக் காற்சட்டை இடுப்பில் ஏறாமல் நான் வழியெல்லாம் அவதிப்பட்டது அவருக்குத் தெரியாது. முகம் கழுவ விடவில்லை, சாப்பாட்டுக் கோப்பையில் பிட்டு விழுந்தது. அதன்மேல் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, அதன்மேல் மீன் பொரியல், பக்கத்தில் மாம்பழம். காணும், போதும் என்று கையால் மறைத்தால் விரலுக்கு மேலாகப் போட்டார். அபியைக் கேட்டார். மாப்பிள்ளையைக் கேட்டார். கனடாவில் பனி கொட்டுகிறதா என்று கேட்டார். கடைசியாக, வேறு யாரையோ விசாரிப்பதுபோல், "உங்கடை வீட்டுக்காரி சுகமோ?" என்றார்.

அவருடைய கணவர் நடராசண்ணை தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "கலியாணக் கதையை இண்டைக்கு எடுத்திடாதையும். அவவுக்குக் கோவம் இன்னும் இறங்கேல்லை. எனக்கே இப்பதான் தேத்தண்ணிக்குச் சீனி போடத் தொடங்கியிருக்கிறா."

கொண்டுபோன சாமான்களைப் பிரித்துக் கொடுத்தேன். சொக்கிளேற், கைகால் வலித் தைலம், நடராசண்ணைக்கு ஒரு குளிர்ச்சட்டை, சறோ பெரிய சாக்கிலிருந்து அள்ளி றப்பர்பாண்ட் போட்டுக் கட்டித்தந்த பாதாம். குளிர்ச்சட்டையை அண்ணை அந்த வெயிலிலேயே போட்டுப் பார்த்தார். "இதைக் கடிக்க எங்களுக்கு ஆருக்குப் பல்லுக் கிடக்கு" என்று சொல்லி மச்சாள் பாதாம் பையைக் குசினித் தட்டில் போட்டார்.

அடுத்த நாள் காலை மச்சாள் பிள்ளையார் கோவிலுக்குப் போனார். நான் குசினிக்குள் நுழைந்தேன். தட்டு நிறையத் தகர டின்கள். மா, குரக்கன், உளுந்து, மல்லி, கறித்தூள் என்று வரிசையாக நின்றன. எல்லாம் பழைய பிஸ்கற் டின்கள்தான். ஆனால் ஒரு மூடியைத் திறக்க எனக்குக் கரண்டிக் காம்பு தேவைப்பட்டது. திறந்ததும் வறுத்த மா வாசம் வந்தது. எங்கள் வீட்டில் இந்த வாசம் வர வழியில்லை. ஒருமுறை சறோ மிளகாய் வறுக்கப்போய், புகைமணி அடித்து, தீயணைப்புக்காரர் நான்கு பேர் கோடாலியோடு வந்து நின்று தும்மினார்கள். அன்றிலிருந்து எங்கள் தாச்சி கராஜில் கிடக்கிறது.

பொறியை விரித்து மா டின்களுக்குப் பின்னால் செருகினேன். திரும்பினால் வாசலில் நடராசண்ணை.

"என்ன தேடுறீர்?"

"சீனி" என்றேன். காது சூடாகியது.

"உமக்குச் சலரோகம் எண்டெல்லோ சொன்னவை" என்றார். சொல்லிக்கொண்டே சீனிப் போத்திலை எடுத்துத் தந்தார். வாயால் கெட்டதற்கு ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணீரை அவர் முன்னிலையில் குடித்து முடித்தேன்.

வீட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் குசினிப் பக்கம்தான் கண் போனது. அதனால் மறுநாள் கடல் பார்க்கப் பருத்தித்துறைக்கு மினிபஸ் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொண்டக்டர் என்னை முதுகில் கை கொடுத்து உள்ளே தள்ளினார். பஸ் ஓடுகிற ஓட்டத்தில் சாரதி வழியில் ஒரு கடையில் நிற்பாட்டி இறங்கித் தேத்தண்ணீர் குடித்தார். சனம் காத்திருந்தது. நான் பள்ளிக்கூட பஸ்ஸை ஒரு கோப்பிக்காக நிற்பாட்டினால் என்னை விசாரிக்க மூன்று பேர் மேசை போட்டு உட்காருவார்கள். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஒரு கலியாணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"போகேல்லையோ நீ?"

"இல்லை."

"வீட்டை வந்து சொல்லேல்லையோ?"

"வந்தவை. சொன்னவை. ஆனா வரச்சொல்லிக் கேக்கேல்லை. எத்தினையாந் தேதி, எந்த மண்டபம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். அதைப் பேப்பரிலையும் போடலாந்தானே."

மந்திகைச் சந்திக்குக் கிட்ட டயர் காற்றுப் போனது. எல்லாரும் இறங்கிச் சாரதிக்கு யோசனை சொன்னோம். அவர் ஒருவருடைய யோசனையையும் கேட்காமல் டயரை மாற்றினார். நான் கடலைப் பார்க்காமலே எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தப் பெண் சொன்னது மண்டைக்குள் நின்றது. நானும் இன்னும் கேட்கவில்லை.

பின்னேரம் மச்சாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே கதிரையை இழுத்துப் போட்டேன்.

"மச்சாள், நீங்கள் கட்டாயம் கலியாணத்துக்கு வரவேணும். உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் வந்தனான்."

சுளகு நின்றது. "மா புழுத்தவள் மணவறைப் பக்கம் வரலாமோ தம்பி?"

"அவள் யோசியாமல் எழுதிப்போட்டாள்."

"வறுத்த மாவிலை புழு எப்பிடி வரும்? நெருப்பிலை நிண்டு வறுத்தவள் நான். அதை விடுங்கோ. புழு வரட்டும், கறையான் வரட்டும். எனக்கு ஒரு போன் எடுத்து, அக்கா இப்பிடி எண்டு சொல்லியிருக்கலாந்தானே." சுளகை மடியில் இறக்கினார். "எனக்கு அங்கை வந்து இருக்கேலாது தம்பி. அதுதான் மா அனுப்பினனான். நான் இல்லாட்டிலும் என்ரை மா அந்த வீட்டிலை இருந்தது. இப்ப அதுவும் வேண்டாமெண்டால் பிறகு நான் ஆர்?"

அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார். நாளைக் காலையில் முதல் வேலையாகப் பொறியை எடுத்து வாழைக்கு அடியில் புதைத்துவிடுவது, சறோவுக்கு ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். காது சிவந்தாலும் போனில் தெரியாது.

முந்திக்கொண்டது மச்சாள். நான் எழும்பி வரும்போது அவர் குசினி வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. முற்றத்தின் நடுவில் சுளகு கவிழ்த்துக் கிடந்தது. அதன்மேல் வேப்பங்கொத்து.

"கிட்டப் போகாதேங்கோ தம்பி. ஆரோ எங்களுக்குச் செய்வினை வைச்சிருக்கினம்."

நடராசண்ணை சுளகைத் தடியால் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். என் பொறி. ஆனால் நான் வைத்தபோது இருந்ததைவிட அது உண்மையிலேயே பயங்கரமாகத்தான் தெரிந்தது. பூச்சிகள் ஒட்டியிருந்தன. எறும்பு வரிசை ஒட்டியிருந்தது. ஒரு சின்னப் பல்லி நான்கு காலும் ஒட்டுப்பட்டு, வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தது.

"மாவுக்குப் பின்னாலை வைச்சிருக்கினம்" என்றார் மச்சாள். பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இப்பதான் எனக்கு விளங்குது. சறோ என்னோடை கதையாமல் விட்டதுக்கு அவளிலை பிழையில்லை. இதுதான் எங்களைப் பிரிச்சது. நான், பாவம், அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நடராசண்ணை ஓட்டோவைப் பிடித்து, செய்வினை எடுக்கிற பூசாரியாரைக் கூட்டி வர நீர்வேலிக்கு என்னையும் ஏற்றிவிட்டார்.

பூசாரியார் சிவந்த, உருண்டையான மனிதர். வரும்போது தன் தோட்டத்துக் கதலி வாழைக்குலை ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் முன்னால் போன லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தின் பெட்டிக் கதவு திறந்து, றோட்டெல்லாம் வெங்காயம் உருண்டது. ஓட்டோக்காரர் இறங்கிப் பொறுக்கினார். நடராசண்ணை பொறுக்கினார். பூசாரியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விட வேகமாகப் பொறுக்கினார். நான் குலையைப் பிடித்துக்கொண்டு, நான் வைத்த பொறியை எடுக்க நானே ஆள் கூட்டிப் போகிற அழகை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் தேசிக்காய் வெட்டி, கற்பூரம் கொளுத்தி, பூசாரியார் சுளகைத் தூக்கினார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். கண்ணை மூடினார்.

"தண்ணி தாண்டி வந்திருக்கு" என்றார்.

என் காது இரண்டும் பற்றி எரிந்தன.

"பொம்பிளை ஒருத்தியின்ரை வேலை. உங்களோடை நெருங்கின ஆள். வைச்சது வேறை ஆள், வைப்பிச்சது அவ." சிவப்பு றப்பர்த் துண்டைத் தடியால் காட்டினார். "இது இரத்தத்திலை தோய்ச்சது. பல்லியைக் கட்டியிருக்கினம், பாத்தியளோ? பல்லியைக் கட்டினால் வாக்குக் கட்டுப்படும். ஒரே வயித்திலை பிறந்ததுகள் ஒண்டோடை ஒண்டு கதையாதுகள்."

பூச்சிக்காரர் பாதி நாள் நின்று கண்டுபிடிக்காததை இந்த மனிதர் ஒரு கற்பூரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சொல்கூடப் பிழையில்லை. எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

ஆனால் மச்சாளின் கண் வேலிப் பக்கம் திரும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் பரிமளம் என்ற பெண் இருக்கிறார். வேலிக் கதியால் தடியை யார் பக்கம் தள்ளி நட்டது என்று இரண்டு வீட்டுக்கும் நெடுநாள் கொழுவல். "பொம்பிளை, நெருங்கின ஆள்" என்று மச்சாள் முணுமுணுத்தார். "அவள் போன மாதந்தானே இந்தியாவுக்குக் கோவில் பாக்கப் போய் வந்தவள். தண்ணி தாண்டித்தானே." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார்.

"மச்சாள், இருங்கோ" என்றேன். "உதை வைச்சது நான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பல்லியும் பார்த்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாசம், பசை, ஆண் பூச்சி, சறோவின் ஏற்பாடு, சீனி.

"நான் சொன்னது எல்லாம் சரிதானே" என்றார் பூசாரியார். பிறகு என் பக்கம் சரிந்து, "உது இன்னொண்டு கிடக்கோ தம்பி? எங்கடை வீட்டு உளுந்திலையும் கொஞ்சம் கரைச்சல்" என்றார்.

"அப்ப சறோதான் வைக்கச் சொன்னவள்" என்றார் மச்சாள். குரலில் கோபமே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நானே பிடுங்கி எடுத்துவிட்டேன். கலியாணமும் போனது, அபி மணவறையில் அழப்போகிறாள், நான் எப்படித் திரும்பிப் போவது என்று நினைத்தேன்.

மச்சாள் குசினிக்குள் போனார். தகரச் சத்தம் கேட்டது. ஒரு பாயைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தார். டின்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். சத்தம் கேட்டுப் பரிமளம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"வாடி, நீயே வந்து பார்" என்றார் மச்சாள். "என்ரை குசினியிலை புழுக் கிடக்கெண்டு ஆக்கள் சொல்லினம். நீ எனக்காகப் பொய் சொல்லமாட்டாய். வந்து பாத்துச் சொல்லு."

பரிமளம் படலையால் சுற்றி வந்தார். குந்தி இருந்து, ஒரு கோவில் கணக்கைச் சரிபார்க்கிற கவனத்தோடு, ஒவ்வொரு டின்னிலும் கை விட்டுக் கிளறினார். மா சுத்தம். குரக்கன் சுத்தம். உளுந்து, பயறு, தூள் எல்லாம் சுத்தம். "இதிலை பிழை சொன்னால் நாக்கு அழுகிப்போம்" என்றார். கதியால் சண்டையில் அவர் இதற்கு முன் மச்சாளுக்குச் சாதகமாக ஒரு சொல் சொன்னதில்லை. நடராசண்ணை இதற்கிடையில் தேங்காயெண்ணெய் தடவிப் பல்லியின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அது என்ன, தட்டிலை ஒரு பை?" என்றார் பரிமளம், குசினி வாசலால் எட்டிப் பார்த்து. அவருக்குக் கண் கூர்மை.

கனடாப் பாதாம். றப்பர்பாண்ட் போட்டபடியே கிடந்தது. மச்சாள் எடுத்து வந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பையின் மூலையில் நூல் பின்னியிருந்தது. நூலுக்குள் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. பாண்ட் போட்ட வாய்ப் பக்கம் ஒரு பூச்சி. இறகின் மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி கறள் நிறம். பொறியில் ஒட்டியிருந்ததும் அதே சாதிதான்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அவர் ஆசைப்பட்ட சாட்சி அவர் கையில் தொங்கியது. குழுவில் திரும்பச் சேர்ந்து ஒரு படம் போட்டால் போதும். லண்டனும் பாரிஸும் சிட்னியும் பார்க்கும்.

"கனடாவிலையிருந்து வந்ததோ உது?" என்றார் பரிமளம். கழுத்து நீண்டது. "தங்கச்சி குடுத்துவிட்டதோ?"

மச்சாள் பையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டினார். "பிளேனிலை எத்தினை சனத்தின்ரை பெட்டி வருது. ஆற்றையோ பெட்டியிலையிருந்து ஏறியிருக்கும். என்ரை தங்கச்சியின்ரை குசினி கண்ணாடி மாதிரி. நான் ஆறு மாதம் நிண்டு பாத்தனான். நீ போய் உன்ரை அலுவலைப் பார்."

பரிமளம் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க நான் முயலவில்லை. மச்சாள் அடுப்பை மூட்டிப் பையை நெருப்பில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் வறுத்த பாதாம் மணத்தது. "நல்ல பாதாம், வீணாப் போச்சு" என்று நடராசண்ணை கவலைப்பட்டார். பூசாரியார் கதலிக்குலையில் ஒரு சீப்பை எனக்கு வெட்டித் தந்தார். முகம் வாடிக் கிடந்த ஒரே ஆள் நான்தானாம்.

பின்னேரம் என் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். கனடாவில் விடிந்திருக்கும். சறோவுக்கு முகமன் எல்லாம் கிடையாது.

"மட்டையிலை விழுந்ததோ?"

மச்சாள் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"விழுந்தது."

"அக்கா?" என்றாள் சறோ.

"ஓம், அக்காதான். பூச்சி விழுந்தது. அது ஆற்றை பூச்சி எண்டதை நான் வந்து உன்ரை அலுமாரியைத் திறந்து பாத்துப்போட்டுச் சொல்லுறன். பாதாம் வாங்கினால் வெயிலிலை காயவிட்டுப் போத்திலிலை அடைக்கோணும் எண்டு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

பாதாம் என்றதும் சறோவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அலுமாரிக் கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் போனில் கேட்டது.

"அப்ப வாறியளோ?" என்றாள்.

"வராமல்? அபிக்கு நீ தலை இழுத்துக் கொண்டை போட்டால் அது கலியாணத் தலை மாதிரியோ இருக்கும்?"

சறோ அழுதாள். நான் அவளோடு இத்தனை காலம் வாழ்ந்தவன். பிழை விட்டேன், மன்னித்துக்கொள் என்று அவள் வாயால் ஒருபோதும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"அக்கா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வரேக்கை மா கொண்டு வாங்கோ. கடை மாவிலை அவிச்சால் ஒருத்தரும் சாப்பிடினமில்லை."

மச்சாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார்.

"எத்தினை கிலோ?" என்று கேட்டார்.